வெள்ளைச் சாடியும் வைராக்கியமும்

ஒரு சாண் உயரத்தில் வெள்ளைப் பீங்கான் சாடி ஒன்று என்னிடம் இருக்கிறது. சீனத்துத் தெகுவாவில் சுட்டது. குன்னூரில் வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பத்திடம் ரசீதோடு வாங்கினேன். வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே விட்ட விரல் நிழலாகத் தெரியும். நிறம் சுண்ணாம்பு வெள்ளை அல்ல, தந்த வெள்ளை. இரும்புச் சத்து மிகக் குறைந்த மண் அது. மெருகு படாத அடிவட்டம்கூட விரலுக்கு வழவழப்பாகவே இருக்கும்.

அதைப் பூட்டியே வைத்திருந்தேன். "ஏனுங்க, இதுல ரெண்டு பூ வெச்சா என்னங்க கெட்டுப் போகுது?" என்று என் சம்சாரம் கேட்டாள். நியாயம்தான். கருணைத் தெய்வமான குவான்யினின் சிலைகள், ஊதுவத்திக் கலசங்கள், பூச்சாடிகள் என்று தெகுவாச் சூளைகள் வழிபாட்டுப் பீடங்களுக்காகவே நிறையச் செய்தன. இப்போது வெள்ளிதோறும் அதில் நந்தியாவட்டை வைக்கிறாள்.

தெகுவாவின் கைத்திறன் கொடிகட்டிப் பறந்த அதே 17ஆம் நூற்றாண்டில்தான் நம் பேரூர் ஆதீனத்தின் முதல் குரு சாந்தலிங்கர் 'வைராக்கிய சதகம்' பாடினார். பற்றை அறுக்கச் சொல்லும் நூல். அதைப் படிக்கிறவன் சாடி சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்றே நினைக்கிறேன். சைவ சித்தாந்தத்தில் மாயையும் உயிரைக் கட்டும் மலங்களில் ஒன்றுதான். ஆனாலும் உடம்பு, கருவி, உலகம், நுகர்பொருள் எல்லாவற்றையும் உயிருக்குத் தந்து உதவுவதும் அதுவே. உயிரின் கண்ணை மறைப்பது ஆணவம். சாடி மாயையின் பக்கம். அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு 'எனது' என்கிறேனே, அது ஆணவத்தின் பக்கம்.

ஆனால் பற்றைவிட முந்திய கேள்வி ஒன்று உண்டு: இது யாரிடமிருந்து வந்தது?

தெகுவாவுக்குத் துறைமுகம் சுவான்சௌ. அங்கே நம் வணிகர்கள் சிவன் கோயில் கட்டினார்கள்; 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே சாட்சி. தெகுவாவின் வெள்ளை ஓடுகள் ராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது கிடைத்தன. விற்றார்கள், வாங்கினார்கள், அதில் யாருக்கும் குறையில்லை.

ஸ்ரீபுரந்தான் நடராசர் கதை வேறு. அரியலூர்ப் பக்கத்துக் கோயிலிலிருந்து களவு போன அந்தச் சிலையை 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் கோடிகள் கொடுத்து வாங்கியது. அவர்களும் கலையை நேசித்தவர்கள்தான். என்ன பயன்? 2014இல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று நம் மனம் குளிர்ந்ததல்லவா? அப்படியானால் இன்னொரு நாட்டவர் கும்பிட்ட பீடத்திலிருந்து பெயர்த்த பொருள் நம் கைக்கு வரும்போது அதே அளவுகோல்தான் நமக்கும். பற்றே இல்லாமல் வைத்திருந்தாலும் களவுப் பொருள் களவுப் பொருள்தான். வைராக்கியம் அதைக் கழுவித் தராது.

கோவையில் பழம்பொருள் சேர்க்கும் அன்பர்களுக்குச் சொல்கிறேன். அடியில் தெகுவாவின் பெயர்பெற்ற கைவினைஞர் ஹெ சாவ்சோங்கின் முத்திரை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதெல்லாம் அப்புறம். போலிகளிலும் அந்த முத்திரை தாராளமாக உண்டு. முதலில் கைமாறிய வழியைக் கேளுங்கள், ரசீதைக் கேளுங்கள். விற்பவர் மழுப்பினால், எவ்வளவு அழகான சாடியானாலும் வாங்காதீர்கள்.