நேரிசையும் நகலிசையும்

பெருமாள் திருவீதியில் எழுந்தருளும்போது முன்னே செல்லும் நாகஸ்வரத்தைக் கேட்டு மகிழ்ந்தவர், வீடு திரும்பி அதே வித்வானின் ஒலிப்பதிவைக் கேட்கையில் ஏதோ ஒன்று குறைவதாக உணர்வர். குறை கருவியிலா, கேட்பவர் மனத்திலா?

அமெரிக்காவில் எடிசன் நிறுவனத்தார் 1915 முதல் சில ஆண்டுகள் ஊர்தோறும் ஒரு சோதனை நடத்திக் காட்டினர். மேடையில் பாடகியும் இசைத்தட்டுப் பெட்டியும் அருகருகே இருக்க, விளக்கு அணைக்கப்படும். பாடுவது எதுவெனச் சபையோரால் கூற இயலவில்லை என்று விளம்பரம் செய்தனர். அவ்வாறு பாடியவருள் ஒருவரான அன்னா கேஸ் என்னும் அம்மையார், பெட்டியின் ஒலிக்கு ஒப்பத் தம் குரலை அடக்கிப் பாடியதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். நகல் அசலை எட்டவில்லை. அசலே இறங்கி வந்தது!

பிற்காலக் கருவிகள் எவ்வளவோ முன்னேறியவை. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் விநாடிக்கு 44,100 முறை ஒலி அளந்து பதியப்பெறுகிறது. செவிக்கு எட்டும் ஸ்வரம் எதுவும் விடுபடுவதில்லை. ஆயினும் நாகஸ்வரம் திறந்தவெளிக்கென்றே அமைந்த வாத்தியம். அதன் முழு நாதத்தைச் சிறு கூடத்தில் எழுப்பினால் அண்டை வீட்டார் பொறார். ஒலியைக் குறைத்தாலோ வேறொரு இடர் நேர்கிறது. ஒலி தாழத் தாழ, மனிதச் செவி கீழ்ஸ்தாயி நாதத்தையே மிகுதியாக இழக்கிறது என்பதை 1933-இல் பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் ஆராய்ந்து வெளியிட்டனர். தவிலின் தொப்பி முழக்கம் மெலிந்து, வலந்தலைச் சொற்களே முன்னிற்பது இதனால்தான். ஆகவே கேட்பவர் உணரும் குறை மனமயக்கமன்று.

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்காக விரித்தவர். அக்காலத்து இசைத்தட்டோ பக்கத்திற்குச் சில நிமிடங்களே கொள்ளும். எனினும் 1956-இல் அவர் மறைந்தபின் பிறந்தோர்க்கு அந்தத் தோடியை அளித்தது அத்தட்டே அன்றோ? நடமாட இயலாது படுத்திருக்கும் முதியவர்க்கும் பெட்டியே திருவீதி. அவரைக் குறை கூற யாருக்கு வாய் வரும்?

வழக்கெல்லாம், நடக்கக் கால் இருந்தும் நகல் போதும் என்று அமர்பவரிடத்தில்தான். எதிரே நிற்கும் ரசிகரின் தலையசைப்பைக் கண்டு வித்வான் இன்னுமொரு சுற்று வாசிப்பார். பெட்டி எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. கோயில்கள் பலவற்றில் தீபாராதனை வேளையில் மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் முழங்குகின்றன. ஓசைக்குக் குறைவில்லை, செலவும் சிக்கனமே. அவ்விடத்தில் முன்னர் நின்று வாசித்த மேளக்காரர் பலரின் பிள்ளைகள் வேறு தொழில் தேடிச் சென்றுவிட்டனர்.