அஞ்சாதவர் என்னும் அவதூறு

ஒருவர்மீது இல்லாத குற்றத்தைச் சுமத்துவது அவதூறு. இதில் எவருக்கும் ஐயமில்லை. இல்லாத சிறப்பைச் சுமத்துவது எவ்வகையைச் சேரும்? அது வெறும் மிகையுரைதானா, அன்றி அதிலும் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறதா? நம் வகுப்பில் ஒரு மாணவர் சொன்ன சொல்லே இவ்வினாவை நம்முள் எழுப்பிற்று. "ஹஜ்ரத், செவ்விந்தியர்களுக்கு உயரத்தைக் கண்டால் அச்சமே கிடையாதாம், பிறவியிலேயே அப்படியாம். அதனால்தான் அமெரிக்காவின் வானளாவிய கட்டடங்களில் அவர்களை ஏற்றினார்களாம்" என்றார். வகுப்பு வியந்தது. நாமும் முதலில் அதைப் புகழுரையாகவே கேட்டுக்கொண்டோம்.

இப்பேச்சுக்குரியவர்கள் மொஹாக் மக்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் வாழும் ஊர் கானவாகே. கனடாவில் மான்ட்ரியல் நகருக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ளது. ஆதிக்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களுள் ஒன்று. 'நீர் விரைந்தோடும் இடத்தருகே' என்பது அப்பெயரின் பொருள். இம்மக்களை 'இந்தியர்' என்றழைக்கும் வழக்கம் 1492இல் திசை மயங்கிய கொலம்பஸ் விட்டுச் சென்றது. நம் நாட்டுப் பெயரை அவர்கள் ஐந்நூறு ஆண்டுகளாகச் சுமக்கிறார்கள். நாமேனும் அவர்களை அவர்களுடைய பெயரால் அழைக்கலாம்.

1886இல் கனடிய பசிபிக் ரயில்வேக்காக அவ்வாற்றின் குறுக்கே பாலம் எழுந்தது. அதன் ஒரு முனை கானவாகே நிலத்தில் ஊன்றியது. அதை முன்னிட்டு ஊராருக்குக் கூலி வேலை தரப்பட்டது. எல்லாம் கீழே நின்று சுமை இறக்கும் வேலை. இளைஞர் சிலர் மேலே ஏறிப் பார்த்தனர். இரும்பைப் பொருத்தவும் ரிவிட் அடிக்கவும் கற்றனர். அவ்வேலைக்குக் கூலி மிகுதி. பிறகு தந்தை மகனுக்கும் தமையன் தம்பிக்கும் கற்றுக்கொடுக்க, அது ஊர்த்தொழிலாயிற்று. இதில் பிறவியின் பங்கு எங்கே இருக்கிறது?

1907 ஆகஸ்ட் 29ஆம் நாள். கியூபெக் நகரருகே கட்டப்பட்டுவந்த பெரும்பாலம் மாலை வேளையில் சரிந்து ஆற்றில் வீழ்ந்தது. பாலத்தின் சொந்த எடையைக் கணக்கிட்டதில் பிழை. அடிப்பகுதி எஃகு உறுப்புகள் நெளிந்து வருவதைச் சில வாரங்களுக்கு முன்பே கண்டிருந்தும் வேலை நிற்கவில்லை. அன்று மாண்டவர்களுள் 33 பேர் கானவாகே ஆடவர். சிற்றூர் ஒன்றில் ஒரே மாலையில் 33 வீடுகளை எண்ணிப் பாருங்கள்! அதன்பின் அவ்வூர்ப் பெண்டிர் ஒரு முடிவு செய்தனர் என்பர்: இனி ஆடவர் அனைவரும் ஒரே வேலைக்குச் செல்லலாகாது, பல இடங்களுக்குப் பிரிந்தே செல்லவேண்டும். அச்சமறியா மக்கள் செய்துகொள்ளும் ஏற்பாடா இது? இறந்தோரின் கல்லறைகளில் எஃகு உத்திரங்களால் ஆன சிலுவைகள் நிற்கின்றன.

அத்தொழிலாளரே பலமுறை சொல்லியிருக்கிறார்கள்: மற்றவர்களுக்கு உள்ள அச்சம் தங்களுக்கும் உண்டு, அதை அடக்கி வேலை செய்யப் பழகியிருக்கிறோம் என்று. இதைக் கேட்டபின் நம் மாணவரின் புகழுரையை மீண்டும் எடைபோடுவோம். அச்சம் இல்லாதவனிடம் துணிவு என்று ஒன்று இருக்க முடியாது; அச்சத்தை வென்றவனிடமே அது உண்டு. ஆகவே 'பிறவியிலேயே அஞ்சாதவர்' என்னும்போது அவர்கள் உழைத்துத் தேடிய இரண்டை, துணிவையும் கைத்திறனையும், நாம் பறித்துவிடுகிறோம். மரமேறும் அணிலுக்கு எவர் கூலி பேசுவார்? அஞ்சாதவனுக்குப் பாதுகாப்புக் கயிறு எதற்கு என்று முதலாளி நினைக்கவும் இப்புகழே வழி திறக்கும். சோம்பேறி, குடியன் என்று அம்மக்களைப் பழிப்போரின் கொடுமை வெளிப்படையானது. அதற்கு மறுப்பும் எழும். புகழை எவர் மறுப்பார்?

அரபி இலக்கணம் ஓதியவர்கள் 'அல்' என்னும் முன்னொட்டை அறிவர். முன்பே அறிந்த ஒருவரை அது சுட்டலாம். ஓர் இனம் முழுவதையும் தழுவலாம். இவ்விடத்தில் எது என்று கேளாமல் பொருள் சொல்லும் மாணவரை எம் ஆசிரியர் நிற்க வைத்துவிடுவார். தொலைவில் உள்ளோர் இனத்தைத் தழுவியே பேசுகிறோம். கானவாகேயில் நிகழ்வது மற்றது: இன்னார் மகன், இன்ன குலம் என்பது. கரடி, ஓநாய், ஆமை என அவர்களுடைய குலங்கள் தாய்வழியே வருவன. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆடவர் பலர் நியூயார்க்கில் எஃகு ஏற்றினர். புரூக்ளினில் ஒரு பகுதி அவர்கள் குடியிருப்பாகவே இருந்தது. வெள்ளி மாலை வேலை முடிந்ததும் காரேறி, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் ஓட்டி ஊர் சேர்ந்தோர் பலர். ஞாயிறன்று மீண்டும் பயணம். இடைப்பட்ட நாட்களில் வீட்டை நடத்தியவர்கள் பெண்கள். 1959இல் திறக்கப்பட்ட கப்பல் கால்வாய்க்காக அவ்வூரின் ஆற்றங்கரை எடுக்கப்பட்டது. நீரின் பெயர் தாங்கிய ஊர் ஆற்றை இழந்தது.

அவர்களை மாசற்ற சான்றோராகக் காண விரும்புவோரும் உளர், அவர்களும் ஏமாறுவர். வெளியாரை மணந்த பெண்களின் உரிமையைக் கனடா அரசின் சட்டம் 1985 வரை பறித்துவந்தது. வெளியாரை மணந்த ஆடவருக்கு அவ்விழப்பு இல்லை. நிலமும் குலமும் கரைந்துபோகுமோ என அஞ்சிய கானவாகே, 1981 முதல் தானே ஒரு விதி வகுத்தது: வெளியாரை மணந்தோர், ஆணாயினும் பெண்ணாயினும், ஊரில் வாழலாகாது. அவ்விதி பாகுபாடு காட்டுவது என்று 2018இல் கியூபெக் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களும் அவ்வூராரே. நமக்கு அவ்விதி உடன்பாடன்று. ஆயினும் அதன் பின்னுள்ள அச்சம் உண்மையானது. 'அஞ்சாதவர்' என்று எண்ணியிருப்போர்க்கு அது விளங்கவே செய்யாது.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னோம். அம்மாணவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அவர்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?" என்று கேட்டார். 1977இல் கியூபெக்கில் பிரெஞ்சு மொழிச் சட்டம் வந்ததையும், ஆங்கிலப் பள்ளியில் பயில இனி விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டும் என்றதும் மொஹாக் மாணவர்கள் வெளிநடப்புச் செய்ததையும், 1978இல் ஊரார் தாமே 'கானவாகே சர்வைவல் ஸ்கூல்' என்னும் பள்ளியைத் தொடங்கியதையும், அங்கே அவர்களுடைய மொழி கற்பிக்கப்படுவதையும் சொன்னோம்.

"கணக்கும் உண்டா, ஹஜ்ரத்?"

உண்டு என்றோம். அவர் முகம் வாடியதைக் கண்டு வகுப்பே சிரித்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது.