காணாமையும் இல்லாமையும்

செங்கற்பட்டு ஜில்லாவில் ஏரி இல்லாத ஊர் அபூர்வம். ஏரியுள்ள ஊரில் கானாங்கோழி இல்லாதிருப்பது அதனினும் அபூர்வம். ஆயினும் அக்குலத்துப் பட்சிகளுள் நம்மவர் கண்ணாரக் கண்டிருப்பது பெரும்பாலும் வெண்மார்புடைய ஒன்றைத்தான். வாலை வெடுக்கென்று தூக்கி அடியிலுள்ள செந்நிறத்தைக் காட்டிவிட்டு வேலிக்குள் நுழைந்துவிடும் அதுவே அவ்வினத்தில் துணிச்சல்காரன் என்றால், மற்றவற்றின் சங்கோசத்தை என்னென்பது! பனிக்காலத்தில் வடதேசங்களிலிருந்து வந்து நம் சதுப்புகளில் தங்கும் சின்னக் கானாங்கோழி, ஒரு சாண் நீளமும் இல்லாதது. சேற்றின் நிறமும் பக்கவாட்டில் ஒடுங்கிய தேகமும் கொண்டு, கோரையில் ஒரு தண்டும் அசையாதபடி ஊடுருவிப் போய்விடுவது. வேடந்தாங்கல் மரங்களில் வெளிப்படையாகக் கூடு கட்டும் நாரைகளுக்கும் கூழைக்கடாக்களுக்கும் 1798-ஆம் ஆண்டளவிலேயே கலெக்டர் லயனல் பிளேஸின் கவுல் என்னும் உறுதிப்பத்திரம் மூலம் அபயம் கிடைத்தது. ஒளிந்து வாழ்வனவற்றுக்காகக் கவுல் கேட்டவர் யாருமில்லை.

கண்ணுக்குப் புலப்படாதது இல்லாததாகுமா என்பது தத்துவ சாஸ்திரத்தின் பழைய வினா. பிரத்தியட்சம் ஒன்றே பிரமாணம் என்ற சார்வாகருக்கு விடை எளிது. சாங்கியர் அவ்வளவு எளிதில் விடவில்லை. உள்ள பொருளே புலப்படாமற்போவதற்கு எட்டுக் காரணங்களை ஈசுவரகிருஷ்ணர் தம் காரிகையில் அடுக்குகிறார். அதிதூரம், கண்ணிலிட்ட மைபோன்ற அதிசமீபம், இந்திரியப் பழுது, மனம் வேறெங்கோ இருத்தல், சூட்சுமம், இடையில் மறைப்பு, வலியதொன்றால் அடங்குதல், தன்னையொத்தவற்றோடு கலத்தல் ஆகியவை அவை. கோரை மறைக்க, சேற்று நிறத்தோடு நிறமாய்க் கலந்து, நம் கவனமும் வேறெங்கோ இருக்க, கானாங்கோழி ஒன்றுக்கே இவற்றுள் மூன்று பொருந்திவிடுகின்றன.

பாட்ட மீமாம்சகரும் அத்வைதிகளும் அனுபலப்தி (காணாமை) என்று ஆறாவது பிரமாணம் ஒன்றை ஒப்புக்கொண்டபோதும் அதற்கு ஒரு கடிவாளம் இட்டார்கள்: இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்னும் யோக்கியதை உள்ள இடத்தில்தான் காணாமை இல்லாமையை நிரூபிக்கும். பசிபிக் சமுத்திரத்து லேசான் தீவின் பறக்கவியலாக் கானாங்கோழி மனிதருக்கு அஞ்சாமல் வெட்டவெளியில் ஓடித் திரிந்தது. முயல்கள் அத்தீவைத் தழையின்றி மேய்ந்தபின் மிட்வே தீவில் எஞ்சியிருந்த அவ்வினத்தை, யுத்த காலத்தில் அங்கே புகுந்த எலிகள் தொலைத்தன; 1944-க்குப் பிறகு அது தென்படவில்லை. அங்கே காணாமையே அதன் மரணச் சான்றிதழ். கொளவாய் ஏரியின் கோரைக்குள் ஒரு காலைப்பொழுது கண்ணோட்டிவிட்டு அதே தீர்ப்பைச் சொல்வது நியாயமாகாது.

தெய்வ விஷயத்திலும் இந்நியாயத்தை நம் உபந்நியாசகர்கள் விருப்பத்தோடு எடுத்தாள்வதுண்டு. ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். காணவில்லை, ஆகவே இல்லை என்பவன் வாயை அது அடைக்கும் என்பது மெய். ஆகவே உண்டு என்று சொல்ல அது யாருக்கும் உரிமை தருவதில்லை. இக்கருவிகளை வகுத்த பழைய சாங்கியரும் பாட்டரும் ஜகத்கர்த்தாவாகிய ஈசுவரனை ஒப்பாதவர்கள் என்பதையும் மறைக்கலாகாது. சாங்கியர் கட்புலனாகாத பிரகிருதியை அதன் காரியங்களைக் கொண்டே நிறுவினார்கள். கானாங்கோழிக்கும் காரியம் உண்டு: சேற்றில் விரல் நீண்ட அடிச்சுவடு; மழைக்காலத்து இரவில் தாழம்புதரிலிருந்து கால் மணி நேரம்கூட ஓயாமல் ஒலிக்கும் குரல். தெய்வத்துக்கு அத்தகைய சுவடு எது என்று கேட்டால் பக்தன் தன் அனுபவத்தைத்தான் காட்ட வேண்டும். தர்க்கத்தை இரவல் வாங்கிப் பயனில்லை என்பதே என் அபிப்பிராயம். மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் எலிகள் சூழக் கைகளை உயர்த்தித் தவமிருக்கும் பூனையைச் செதுக்கிய பல்லவச் சிற்பி, கண்ணுக்குத் தெரியும் பக்தியையும் அப்படியே நம்பிவிடாதே என்று எச்சரித்தான் போலும்.

தெய்வத்தைப் பற்றிய தவறான அனுமானத்தால் தெய்வத்துக்கு நஷ்டமில்லை. பட்சிகளின் கதி அப்படியன்று. இங்கே ஒன்றுமில்லை, வெறும் புதர் என்ற ஒரு வாக்கியத்தின் பலத்தில் சதுப்புகள் மனைகளாகின்றன. கடலோரத் தாழங்காடுகள் உல்லாச விடுதிகளுக்கு வழிவிடுகின்றன. ஏரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லிக் கரையோரக் கோரையை இயந்திரம் வழித்தெடுக்கிறது. தூர் வாருவது அவசியந்தான். ஆயினும் ஏரிப் பொறுப்பிலுள்ளோர் கரையின் ஒரு பகுதிக் கோரையையாவது தொடாமல் விட்டுவைக்க வேண்டுகிறேன்.