கப்பலின் பூச்சும் கடலின் வழக்கும்

பழனி மலைச் சரிவில் பிறக்கும் சண்முகநதி அமராவதியில் கலக்கிறது. அமராவதி காவிரியோடு சேர்ந்து கடலை அடைகிறது. ஆகவே கீரனூர்ச் சமவெளியில் வாழும் நாம் கடலுக்கு அந்நியர் அல்லர். அங்கே எழுந்த அறக்கேள்வி ஒன்றை எண்ணிப் பார்ப்போம்.

கடலில் மிதக்கும் கப்பலின் அடியில் கொட்டலசும் சிப்பியும் பாசியும் ஒட்டி வளர்கின்றன. வேகம் குறைகிறது, எரிபொருள் வீணாகிறது. இதைத் தடுக்க 18-ஆம் நூற்றாண்டில் செப்புத் தகடு பொருத்தினர். 1960-களில் டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சு பரவியது. அது மெல்லக் கரைந்து, ஒட்ட வரும் உயிர்களைக் கொன்றது. கப்பல் தூய்மையாயிற்று. கரைந்த நஞ்சு எங்கே போயிற்று?

பிரான்சின் அர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு தடித்து உருக்குலைந்தது, குஞ்சுகள் பிழைக்கவில்லை. ஒரு லிட்டர் நீரில், ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு கலந்தாலே சிலவகைப் பெண் கடல்நத்தைகளில் ஆண் உறுப்பு முளைக்கலாயிற்று. 1982-இல் பிரான்சு சிறு படகுகளுக்கு அப்பூச்சைத் தடை செய்தது. 2001-இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை 2008-இல் நடைமுறைக்கு வந்தது.

அப்படியாயின் பூச்சே வேண்டாமா? அதுவும் எளிய விடையன்று. எண்ணூர், பழவேற்காட்டு மீனவர் ‘காக்கா ஆழி’ என்றழைக்கும் அயல்நாட்டு மட்டி சேற்றை மூடிப் படர்ந்து, இறால் வளத்தைக் குலைக்கிறது என்று அவர்கள் முறையிடுகின்றனர். அமெரிக்கக் கண்டத்து வெப்பக் கரைகளைத் தாயகமாகக் கொண்ட அதனைக் கப்பல்களே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. பேணாத கப்பலும் பிறருக்குத் தீங்கு செய்யக் கூடும்.

எனவே தன்னைக் காத்துக்கொள்வது குற்றமன்று; கடமையும் ஆகலாம். குற்றம் வேறிடத்தில் உள்ளது. எரிபொருள் மிச்சம் கப்பல் உரிமையாளருக்கு. இழப்போ சிப்பி வளர்த்துப் பிழைப்பவருக்கு. அவரிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. நத்தைக்கோ முறையிட வாயில்லை. ஆதாயம் ஓரிடத்திலும் அதன் விலை மற்றோரிடத்திலும் விழும்போது மனச்சான்று எளிதில் உறங்கிவிடுகிறது.

இன்று சிலிக்கோன் பூச்சுகள் வந்துள்ளன. அவை கொல்வதை நம்பி வேலை செய்வதில்லை. மேற்பரப்பை வழுக்கச் செய்கின்றன. கப்பல் விரைந்து ஓடும்போது ஒட்டியவை கழன்றுவிடுகின்றன. விலை கூடுதல்தான். ஆனால் அந்த விலையைப் பயன் பெறுபவரே கொடுக்கிறார். நீதி இதுவன்றோ?

நம் தோட்டத்திலும் பூச்சிமருந்து தெளிக்கிறோம். பயிர் பிழைத்ததா என்று பார்ப்பதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. மழையில் கரைந்த மருந்து எவருடைய கிணற்றுக்குப் போயிற்று என்று கேட்பதும் நம் கடமையே.