தட்டின் அடிப்பக்கம்

பழைய பிரெஞ்சுப் பீங்கான் சேகரிக்கிறவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்தால் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார். மேலே ஒருவன் சிரமப்பட்டுத் தீட்டிய பூவும் பறவையும் இருக்க, அவர் தேடுவது அடியிலுள்ள குறிகளை. கவிதையை விட்டு அதன் கீழுள்ள பெயரை முதலில் படிக்கிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. கேலி செய்வது சுலபம். கலைப்பொருள் தன்னளவில் முழுமையானது, செய்தவன் யார் என்பது அநாவசியம் என்ற வாதம் கைவசம் தயாராகவே இருக்கிறது. ஸேவ்ர் தட்டுகள் விஷயத்தில் அது செல்லுபடியாகவில்லை.

வின்ஸேனில் 1740இல் ஆரம்பித்து, 1756இல் பாரிஸுக்கு அருகிலுள்ள ஸேவ்ருக்கு இடம்மாறி, 1759இல் பதினைந்தாம் லூயியின் உடைமையான தொழிற்சாலை அது. பின்னிக்கொண்ட இரண்டு ‘எல்’ எழுத்துகள் அரசனின் குறி. 1753லிருந்து அதனுடன் வருஷத்தைச் சொல்லும் ஓர் எழுத்து. பக்கத்தில், தீட்டியவனின் (பெண்களும் தீட்டினார்கள்) சின்ன அடையாளம்: ஓர் எழுத்தோ, புள்ளிகளோ, நட்சத்திரமோ. அரசனுக்கு எத்தனையோ இடங்களில் பெயர் இருக்கிறது. தொழிலாளிக்கு அந்தத் தட்டில் கிடைத்தது இவ்வளவுதான்.

1800இல் பொறுப்பேற்ற ப்ரோன்யார், தேங்கிக்கிடந்த வெள்ளைப் பீங்கானை விற்றுத்தள்ளினார். வாங்கிய வியாபாரிகள் அதன்மேல் பழைய பாணியில் தீட்டவைத்து, குறியும் போட்டு விற்றார்கள். இது சாதாரணப் போலி, யோசிக்க அதிகமில்லை. இன்னொரு வகை இருக்கிறது. எளிய பூங்கொத்து மட்டும் தீட்டிய அசல் தட்டை எடுத்து, அந்தப் பூக்களைச் சுரண்டிவிட்டு, நல்ல விலைபோகும் நீலமோ ரோஜா நிறமோ பூசி, தங்கமிட்டு, மறுபடி சூளையில் வைத்தார்கள். இப்போது பீங்கான் அசல், குறி அசல், வருஷமும் அசல். (கையெழுத்து சரியாக இருந்து தொகை திருத்தப்பட்ட காசோலை மேஜைக்கு வரும்போது ஏற்படும் சங்கடம் வங்கி குமாஸ்தாக்களுக்குப் புரியும்.)

இங்கிலாந்தில் மேட்லியில் பீங்கான் செய்த தாமஸ் மார்ட்டின் ராண்டல் ஒரு குவேக்கர். தன் சொந்தப் பீங்கானில் ஸேவ்ர் குறியைப் போட மறுத்தார் என்பது பதிவாகியிருக்கிறது. ஆனால் அசல் ஸேவ்ர் தட்டுகள்மேல் புதிதாகத் தீட்டிக்கொடுத்தார். தன் கை பொய் எழுதக்கூடாது, அவ்வளவே. தட்டு பொய் சொன்னால் அது தட்டின் பாடு. அவரைக் கபடர் என்று நான் நினைக்கவில்லை. நம்மில் பலரின் நேர்மை இந்த எல்லைக்குள்தான் நடமாடுகிறது.

தீங்கு யாருக்கு? வாங்கி ஏமாந்த செல்வந்தருக்கு என்பார்கள். அவருக்காக எனக்குப் பெரிய வருத்தமில்லை. பூங்கொத்து தீட்டியவனைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அவன் வேலை அழிக்கப்பட்டது. அவன் அடையாளம் மட்டும் மிஞ்சி, அவன் செய்யாத ஒன்றுக்குச் சாட்சி சொல்கிறது. செத்தவனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மறைந்த கவிஞனின் எளிய வரிகளை எடுத்துவிட்டு, ஜோடனையான வரிகளைச் சேர்த்து, அவன் பெயரிலேயே ஒருவர் தொகுப்புப் போட்டால், வரிகள் மேம்பட்டிருக்கின்றன என்ற சமாதானத்தை நாம் ஏற்போமா? அங்கே மட்டும் செத்தவனுக்கு உரிமை எப்படி வந்துவிடுகிறது?

இந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. மறுபடி சுட்டதில் மெருகில் கரும்புள்ளிகள் தெறித்திருக்கும். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், சில சமயம் புதிய வர்ணத்துக்கு அடியில் சுரண்டப்பட்ட பூவின் தடம் தெரியும். உடனே போலி என்று முடிவுகட்டி, விலையைக் குறைத்து, தட்டை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தத் தடத்துக்காகவே தட்டை வைத்துக்கொண்ட சேகரிப்பாளர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.