ரோசாக் ஆனது எது?

ஒரு காரியம் கோளாறு செய்தால், கோளாறு எங்கே தெரிகிறதோ அங்கேதான் குற்றமும் இருக்கிறது என்று முடிவு கட்டுவது நம்மில் பலருக்குப் பழக்கம். பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டால் பிள்ளை மேல் குற்றம். தாத்தாவுக்குக் கைப்பேசியில் பணம் கட்டத் தெரியவில்லை என்றால் தாத்தா மேல் குற்றம். கோவில் சடங்கு நமக்குப் புரியவில்லை என்றால் சடங்கின் மேல் குற்றம். இந்தப் பழக்கம் நியாயம்தானா? இளையோரே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் பழைய கணினி விளையாட்டு. சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

நான் பெஸ்தாரி ஜெயாவில் கணினி பழுது பார்க்கிறவன். நம் பெரியவர்கள் வாயில் அந்த ஊர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், ஈஜோக், புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர் பக்கமிருந்தும் பிள்ளைகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கூடவே அண்ணனோ மாமாவோ வீட்டில் விட்டுப்போன பழைய சிடி ஒன்றும் வரும். "அண்ணே, இந்த கேம் ரோசாக் ஆயிடுச்சு. கலரே சரியில்ல" என்பார்கள்.

நான் அடிக்கடி பார்த்தது 1999இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் 2'. விண்டோஸ் 7 போட்ட கணினியில் அதை ஓட்டினால் பல நேரம் புல்வெளி ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் தெரியும். பார்க்கிறவர்கள் சிடியைத்தான் திட்டுவார்கள். பழசு, கீறல் விழுந்திருக்கும், தூக்கிப் போடு என்பார்கள்.

உண்மையில் நடப்பது என்ன? அந்தக் காலத்து விளையாட்டுகள் பல, ஒரே நேரத்தில் 256 வண்ணங்களை மட்டும் வைத்துப் படம் காட்டின. திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. எந்த எண்ணுக்கு எந்த வண்ணம் என்பதைத் தனியாக ஓர் அட்டவணை சொல்லும். புல்லுக்கு ஓர் எண், தண்ணீருக்கு ஓர் எண் என்று விளையாட்டு சரியாகத்தான் அனுப்புகிறது. ஆனால் விண்டோஸ் 7இல், நம் டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் காட்டுகிற எக்ஸ்ப்ளோரர் என்ற நிரல், பின்னால் ஓடிக்கொண்டே அந்த அட்டவணையில் தன் வண்ணங்களை எழுதிவிடுகிறது. எண் அப்படியே இருக்கிறது, எண்ணுக்குப் பொருள் சொல்லும் அட்டவணை மாறிப்போகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு விளையாட்டை ஓட்டிப் பாருங்கள், புல் பச்சையாகிவிடும். சிடியில் இருக்கும் ஒரு புள்ளியைக்கூட நாம் தொடவில்லை.

கோளாறு விளையாட்டின் முகத்தில் தெரிந்தது. காரணம் வேறு இடத்தில் இருந்தது. பெயர் கெட்டது மட்டும் விளையாட்டுக்கு.

இதே கதை மனிதர்களுக்கும் நடக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் தமிழில் படித்து, கேள்வி கேட்டால் முதல் ஆளாகக் கையைத் தூக்கிய பிள்ளையை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதே பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். அங்கே பாடம் மலாயில். விடை மனசில் இருக்கிறது, சொல் நாக்கில் வரவில்லை. சிலர் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்கிறார்கள், சிலர் நேராக முதலாம் படிவத்தில் தடுமாறுகிறார்கள். ஆறு மாதம் போனதும் பையன் கடைசி மேசைக்குப் போய்விடுகிறான். "இவனுக்குப் படிப்பு ஏறல" என்று வீட்டிலேயே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அவனும் அதை நம்பிவிடுகிறான். அவன் அறிவு டிசம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. அவனைப் படிக்கிற அட்டவணைதான் மாறியது.

அவனுடைய தாத்தாவுக்கும் இது நடந்தது. பால்மரம் சீவுவது லேசான வேலையா? பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி உள்ளே மரத்தில் படக்கூடாது. பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. இருட்டு விலகும் முன்பே நூற்றுக்கணக்கான மரங்களில் இதைச் செய்த கை அது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானதே நம் பக்கத்தில்தான். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் அதைத் தொடங்கினார். 1960களுக்குப் பிறகு தோட்டம் தோட்டமாகப் பால்மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். அன்று வரை கைத்திறன் உள்ளவர் என்று பெயர் எடுத்தவர், மறுநாள் திறன் இல்லாத கூலியாள் ஆனார். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த பிறகு "தோட்டத்துப் புத்தி" என்ற ஏச்சும் சேர்ந்துகொண்டது. அந்தக் கை மாறவே இல்லை.

இங்கே ஒருவர் என்னை மடக்கலாம். "அப்படியானால் பழசெல்லாம் சரி, புதுசெல்லாம் தப்பா? நல்லா இருக்கே உங்க நியாயம்!" மடக்க வேண்டிய இடம்தான். அதற்கும் ஒரு பழைய விளையாட்டே பதில் சொல்கிறது.

1997இல் 'குவேக்' விளையாட்டுக்கு ஜிஎல்குவேக் என்றொரு பதிப்பு வந்தது. அது திறந்தவுடன் கிராஃபிக்ஸ் அட்டையிடம் "உனக்கு என்னென்ன கூடுதல் வேலை தெரியும்?" என்று கேட்கும். அட்டை ஒரு பட்டியலைக் கொடுக்கும். அந்தப் பட்டியலைத் திரையில் எழுதிக் காட்ட, நினைவகத்தில் ஓர் அளவான இடத்தை எழுதியவர்கள் ஒதுக்கியிருந்தார்கள். அன்றைய அட்டைகளுக்குப் பட்டியல் சின்னது, இடம் போதும். பின்னால் வந்த அட்டைகளின் பட்டியல் மிக நீளம். ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்தது, விளையாட்டு திறந்த வேகத்திலேயே படுத்துவிட்டது. இதில் புது அட்டை என்ன தப்பு செய்தது? கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னது. வருகிற பட்டியல் நம் இடத்துக்குள் அடங்குமா என்று அளந்து பார்க்காதது பழைய நிரலின் குறை. அந்தக் குறை முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது. புதிய சூழல் அதை உண்டாக்கவில்லை, வெளியே காட்டியது.

ஆக, இரண்டு வகை இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்: "பழசு, புதுசில் ஓடவில்லை." உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றில் பழசு குற்றமற்றது, இன்னொன்றில் பழசுக்குள்ளேயே ஓட்டை. எது எது என்று பிரித்தறிவதுதான் விவேகம். ஒட்டுமொத்தமாகப் பழசைத் தூக்கி எறிகிறவனுக்கும் அது இல்லை. ஒட்டுமொத்தமாகப் பழசைக் கட்டிக்கொள்கிறவனுக்கும் இல்லை.

நம் சமயப் பழக்கங்களுக்கு இதை வைத்துப் பாருங்கள். தைப்பூசக் காவடிக்கு முன் இருக்கிற விரதம் பலருக்கு வெறும் பட்டினியாகத் தெரிகிறது. ஏன் என்று சொல்லிக்கொடுத்த பாட்டி இல்லை, பாட்டி சொன்ன தமிழும் பாதி புரியவில்லை. இது முதல் வகை. விரதம் கெட்டுப்போகவில்லை, அதற்குப் பொருள் சொல்லும் அட்டவணை நம் கையில் இல்லை. தேடி எடுக்க வேண்டியது நம் வேலை.

சாதி அப்படியா? மலாயாத் தோட்டங்களில் சாதி பார்த்து லயம் பிரித்த காலம் ஒன்று இருந்தது. இன்று தாமானில் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து வீடு, கல்லூரி விடுதியில் ஒரே அறை. ஆனாலும் கல்யாணப் பேச்சு என்று வந்தால் சிலர் அந்தக் கேள்வியை மெதுவாக எடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் எதிர்த்துக் கேட்டால், "காலம் கெட்டுப்போச்சு" என்று புலம்புகிறார்கள். காலம் கெடவில்லை ஐயா. எல்லா மனிதருக்கும் போதுமான இடம் அதில் முதல் நாளிலிருந்தே ஒதுக்கப்படவில்லை. ஒரே லயத்துக்குள் இருந்தவரை அந்தக் குறையைப் பார்க்காமல் இருக்க முடிந்தது, இப்போது முடியவில்லை. இதற்குப் புது அட்டவணை தேட வேண்டாம், திருத்தத்தான் வேண்டும்.

குவேக்கைத் திருத்த வழி எப்படிக் கிடைத்தது தெரியுமா? 1999 டிசம்பரில் அதன் மூல நிரலை அதை உருவாக்கிய நிறுவனமே எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டது. உலகம் முழுக்க உள்ள ரசிகர்கள் திறந்து படித்தார்கள், ஓட்டையைக் கண்டார்கள், அடைத்தார்கள். இன்றும் அந்த விளையாட்டு புதிய கணினிகளில் அழகாக ஓடுகிறது. திறந்து பார்க்கவும் கேள்வி கேட்கவும் விட்டதால்தான் அது பிழைத்தது. அதை நேசித்தவர்கள்தான் அதில் குறையும் கண்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இனி முதல் வகைக்கு என்ன மருந்து? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் வருகிறது. 1990களின் பிற்பகுதியில் த்ரீடிஎஃப்எக்ஸ் என்ற நிறுவனத்தின் வூடூ அட்டைகள் பேர்போனவை. அவை கிளைட் என்ற தனி மொழியைப் பேசின. 2000 டிசம்பரில் அந்த நிறுவனம் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. அதோடு கிளைட் பேசுகிற அட்டைகள் வருவது நின்றது. அந்த மொழியை நம்பியிருந்த விளையாட்டுகள் அனாதையாயின. அப்போது தனி ஆட்கள் சிலர் இடையில் நிற்கிற சின்ன நிரல்களை எழுதினார்கள். டிஜிவூடூ அப்படிப்பட்டது. விளையாட்டு பழைய மொழியில் சொல்வதை வாங்கி, இன்றைய அட்டைக்குப் புரியும் மொழியில் சொல்லும். விளையாட்டையும் மாற்றுவதில்லை, அட்டையையும் மாற்றுவதில்லை. அதை எழுத இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். யாரும் கேட்காமலே இதைச் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள்.

நம் தலைமுறையும் அப்படி இடையில் நிற்கிற தலைமுறைதான். லயத்துப் பேச்சும் நமக்குப் புரியும், அலுவலக மலாயும் தெரியும். தாத்தா எதற்குத் தயங்குகிறார் என்பதும் தெரியும், கைப்பேசி என்ன கேட்கிறது என்பதும் தெரியும். தெரிந்துகொண்டு "இவங்களுக்கு ஒன்னும் தெரியாது" என்று தள்ளி நிற்பதும் ஒரு வழி. நடுவில் போய் நிற்பதும் ஒரு வழி. முதலாவதில் குற்றம் ஏதும் இல்லாத மாதிரி தெரியும். ஆனால் உதவ முடிந்தவன் ஒதுங்கி நிற்பதும் அந்தக் கோளாறில் பங்கு வாங்குவதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மனிதரை விளையாட்டோடு ஒப்பிடுவது எங்கே தவறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டிடம் "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். மனிதரிடம் கேட்கலாம். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இந்தக் கணக்கைத் தமிழில் சொல்லு பார்ப்போம்" என்று கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். கேட்காமலே முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம். மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் வரிசையும் இதுதான்: முதலில் நோய் என்ன என்று பார், பிறகு அது எதனால் வந்தது என்று பார், அதன் பின் தீர்க்கும் வழிக்குப் போ. நாம் பெரும்பாலும் நடுவில் உள்ளதைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

ஆகவே தம்பி தங்கைகளே, ஒரு சின்ன வேலை சொல்கிறேன். உங்கள் கிளையைச் சுற்றி இந்த ஆண்டு தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள் யார் யார் என்று ஒரு பெயர்ப்பட்டியல் எடுங்கள். ஆளுக்கு ஒரு பிள்ளை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். அறிவியல் புத்தகத்தில் இருக்கும் மலாய்ச் சொல்லுக்கு நேராக, அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த தமிழ்ச் சொல்லை எழுதி வையுங்கள். அவனுக்குத் தேவைப்படும் அட்டவணை அதுதான். நீங்கள் எழுதாவிட்டால் அதை வேறு யார் எழுதப் போகிறார்கள்?