சாய்ந்து நின்ற வீடு

வண்டியை விற்பதற்காகத்தான் அதன் மேனுவலை முதன்முதலாகப் படித்தேன். வாங்கி அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது.

2020 கோடையில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, ஒஹையோவில் எங்கள் தெருவில் பலருக்கும் வந்த ஆசை எங்களுக்கும் வந்தது. பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினோம். முன்னால் லாரி மூக்கு, பின்னால் வீடு, ஓட்டுபவர் தலைக்கு மேலே ஒரு கட்டில். விற்றவர் சாவியோடு கனமான ஒரு கறுப்பு ஜிப் பையையும் கொடுத்தார். உள்ளே முப்பது சின்னப் புத்தகங்களாவது இருக்கும். அடுப்புக்கு ஒன்று, வெந்நீர்த் தொட்டிக்கு ஒன்று, கூரை விசிறிக்குக்கூட ஒன்று. ஓட்டத் தெரியும், அப்புறம் என்ன என்று பையை சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

2024-இல் விற்பனை விளம்பரம் எழுத உட்கார்ந்தபோது தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு தேவைப்பட்டது. அதைத் தேடப் பிரித்தவன் விடிகாலை இரண்டு மணி வரை படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நிறுத்தி வைத்தால் பத்து நாளில் பேட்டரி செத்துவிடுகிறது என்று நான் திட்டித் தீர்த்த வண்டியில், பேட்டரியைத் துண்டிக்க வாசல்படி அருகே ஒரு சுவிட்சே இருந்திருக்கிறது. அதை நான் ஏதோ விளக்கு சுவிட்ச் என்று நினைத்திருந்தேன். வெந்நீர்த் தொட்டிக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று, தொட்டியின் இரும்பு அரிக்காமல் இருப்பதற்காகத் தான் அரிபட்டுக்கொண்டே இருக்கிறது. (இதை வைத்து அம்மாவைப் பற்றிக் கவிதை எழுதலாம். எழுத மாட்டேன்.) எரிவாயு கசிந்தால் கத்தும் கருவிக்கும் ஆயுள் உண்டு. எங்களுடையது எப்போதோ காலாவதி ஆகியிருந்தது.

பிறகு ஃபிரிட்ஜ் புத்தகத்தை எடுத்தேன்.

எங்கள் மோட்டார்ஹோமில் இருந்தது நம் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி அல்ல. அதில் கம்ப்ரஸர் கிடையாது. 1922-இல் ஸ்டாக்ஹோமில் பல்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய முறை அது. நெருப்பை வைத்துக் குளிரை உண்டாக்குவது. கீழே சின்னச் சுடர் எரிகிறது. அமோனியா கலந்த நீர் கொதிக்கிறது, அமோனியா ஆவியாகி மேலேறுகிறது, திரவமாகிறது, ஹைட்ரஜனோடு கலந்து மீண்டும் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. பிறகு நீரில் கரைந்து திரும்ப வருகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இறங்கி வருவது புவியீர்ப்பால் மட்டுமே. அதனால்தான் நிறுத்தி வைக்கும்போது வண்டி மட்டமாக இருக்க வேண்டும். எங்கள் புத்தகத்தில் பக்கவாட்டில் மூன்று டிகிரி, முன்பின்னாக ஆறு டிகிரி, அதற்கு மேல் சாயக்கூடாது என்று இருந்தது. சாய்ந்தால் திரவம் வழியில் தேங்கும், கொதிகலன் வறண்டு சூடேறும், துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த உப்பு படிகமாகிக் குழாயை அடைக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாளும் குளிரும். ஆனால் அடைத்த அளவுக்கு அடைத்ததுதான், திரும்பாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

எங்கள் வீட்டு முன்வாசல் பாதை தெருவை நோக்கி நன்றாகவே சரியும். மூன்று கோடைகள் அந்த ஃபிரிட்ஜ் அங்கே இரவு பகலாக ஓடியது, வீட்டு ஃபிரிட்ஜில் இடம் போதாமல் மோரும் மாம்பழமும் வைக்க.

விளம்பரத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தேன்: ஃபிரிட்ஜ் நன்றாக வேலை செய்கிறது. பையைத் திறக்கும் வரை அது உண்மை. இரண்டு மணிக்கு அதே வாக்கியம் பொய். ஃபிரிட்ஜில் எதுவும் மாறவில்லை. அப்படியானால் எங்கே மாறியது? படிக்காமலே விற்றிருந்தால் நான் யோக்கியனா?

இங்கே வில்லியம் கிளிஃபோர்டின் கப்பல் முதலாளியைச் சொல்லியாக வேண்டும். கிளிஃபோர்ட் ஆங்கிலேயக் கணித மேதை. நம்பிக்கையின் அறம் பற்றி 1877-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு முதலாளி, குடியேறப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு தன் பழைய கப்பலை அனுப்பப்போகிறார். ரிப்பேர் பார்க்க வேண்டுமோ என்று சந்தேகம் வருகிறது. செலவாகுமே. எத்தனை முறை பத்திரமாகப் போய் வந்திருக்கிறது, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார். உண்மையாகவே நம்பவும் ஆரம்பிக்கிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது, அவருக்கு இன்ஷூரன்ஸ் பணம் வருகிறது. அவர் குற்றவாளி என்கிறார் கிளிஃபோர்ட். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் குற்றம் அதேதான் என்கிறார். 1870-இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன கிளிஃபோர்டே சிசிலி அருகே கப்பல் உடைந்து தப்பியவர். அதனால் இது நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசித்த உதாரணமாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் இதில் எனக்கு ஒரு சந்து தெரிந்தது. அவருக்குச் சந்தேகம் வந்தது, அமுக்கினார். எனக்குச் சந்தேகமே வரவில்லையே. தவிர, எல்லாவற்றையும் யார் படிக்க முடியும்? செல்போனில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தும் முன் படித்தவர் யார்? மேனுவல்களும் லேசுப்பட்டவை அல்ல. காபி சூடாக இருக்கும் என்பதற்கும் உயிர் போகும் என்பதற்கும் ஒரே முக்கோணம், ஒரே ஆச்சரியக்குறி. பாதிப் பக்கங்கள் நமக்குச் சொல்வதற்காக அல்ல, நாளைக்கு 'சொன்னோமே' என்று சொல்வதற்காக எழுதப்பட்டவை.

இதெல்லாம் நியாயம்தான். ஆனால் இன்னொரு பக்கம் இருந்தது.

வண்டியில் எட்டுப் பேர் படுக்கலாம். பெல்ட் ஆறுதான். ஓடும்போது கட்டில்களில் யாரும் இருக்கக் கூடாது. அதோடு, வாசல் அருகே ஒரு மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்க்கச் சொன்னது புத்தகம். எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,210 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. தண்ணீரும் அதில் அடக்கம், ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு. நாற்பது கேலன் என்றால் 332. நாங்கள் பெரியவர்கள் நாலு, பிள்ளைகள் நாலு, எப்படியும் 900. அப்போதே 1,232 ஆகிவிட்டது. அரிசி மூட்டை, சைக்கிள்கள், அக்கா விடாப்பிடியாக எடுத்து வந்த கிரைண்டர் எதையும் இன்னும் ஏற்றவே இல்லை. டயரில் கடைசி நாலு எண் 3513, அதாவது 2013-இன் முப்பத்தைந்தாவது வாரம். பட்டன் தேயாமல் இருந்ததால் புதுசு என்றே நினைத்திருந்தேன்.

அப்படித்தான் 2022-இல் மிச்சிகனில் மேக்கினாக் பாலத்தைத் தாண்டினோம். ஐந்து மைல் நீளப் பாலம். காற்று பலமாக அடித்தால் உயரமான வண்டிகளுக்குத் துணை வண்டி போட்டு மெதுவாக அழைத்துப்போவார்கள். அன்றைக்குக் காற்று இல்லை. அக்காவின் இரண்டு பெண்களும் என் தலைக்கு மேலே கட்டிலில் குப்புறப் படுத்து, சின்ன ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக் கூச்சலிட்டுக்கொண்டு வந்தார்கள்.

சந்தேகம் வரவில்லை என்று மேலே சொன்னேன். பொய். கிளம்பும்போது பெல்ட்டுகளை எண்ணினேன். ஆறு என்று வந்ததும் எண்ணுவதை நிறுத்தினேன். "பிள்ளைங்க மேல படுத்துக்கட்டும்டா, ஜாலியா இருக்கும்" என்று அக்கா சொன்னாள். நான் சரி என்றேன். படிக்காதது வேறு, படிக்க வேண்டாம் என்று இருந்தது வேறு. என் விஷயத்தில் இரண்டும் எந்த இடத்தில் பிரிந்தன என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் விளம்பரத்தை மாற்றினேன். வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற மனிதர். சரிவில் ஓட்டியதைச் சொன்னேன், டயரின் எண்ணைக் காட்டினேன், ஸ்டிக்கரையும் காட்டினேன். 2,000 டாலர் குறைத்தேன். "பைத்தியமா உனக்கு, அவர் கேட்கவே இல்லையே" என்றாள் மனைவி. பிறகு, "சரி, சொன்னது நல்லதுதான்" என்றாள். எனக்கும் இரண்டு நாள் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயமாகத்தான் இருந்தது.

முன்பின் தெரியாதவரிடம் ஃபிரிட்ஜைப் பற்றி அரை மணி நேரம் பேச முடிந்தது. போன வாரம் அக்கா கூப்பிட்டாள். "வண்டிய வித்துட்டியாமே? சின்னவ அழுறாடா. அந்த மேல் பெட்ல படுத்துக்கிட்டு இன்னொரு தடவ அந்தப் பாலத்துல போகணுமாம்."

"வாடகைக்கு எடுத்துக்கலாம்க்கா" என்றேன்.